வயலை ஏரியாக்கினார்கள்... 676 பறவைகள் பலி! மருந்து அடித்த நிலத்தைப் பூங்கா ஆக்கும் முன் என்ன பார்க்கணும்?

பருத்தி போட்ட காடு. நாற்பது வருஷமா மருந்து அடிச்ச மண்ணு. இன்னைக்குக் கல்லு நட்டு பிளாட் போட்டாச்சு. நடுவுல கொஞ்சம் இடத்தைப் 'பூங்கா'ன்னு எழுதி விட்டிருக்காங்க. சாயங்காலம் ஆனா அக்கம்பக்கத்துப் பிள்ளைங்க அங்கேதான் மண்ணை அளைஞ்சு விளையாடுதுங்க.

தமிழ்நாட்டில் பல ஊர்களில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பெரிய மனைப்பிரிவு போட்டால் 10 சதவீத இடத்தைப் பூங்கா, விளையாட்டுத் திடல் போன்ற பொது உபயோகத்துக்கு விட வேண்டும் என்பது விதி. நல்ல விதிதான். ஆனால் அந்த மண்ணில் முன்பு என்ன மருந்து தெளித்தார்கள் என்று கேட்கிறவர்கள் குறைவு.

"விவசாயத்தை நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆச்சு. இன்னுமா விஷம் இருக்கப் போவுது?" என்று கேட்கத் தோன்றும். இதே நினைப்பில் இருந்த அமெரிக்காவில் ஒரு ஏரிக்கரையே பறவைகளின் சுடுகாடாக மாறியது. அதே இடம் இன்று பொதுமக்கள் காரில் போய் பறவை பார்க்கும் சுற்றுலாத் தலம். இடையில் என்ன நடந்தது? நமக்கு அதில் என்ன பாடம்?

ஏரியை வயலாக்கினார்கள்

அமெரிக்காவின் புளோரிடா மாகாணத்தில், டிஸ்னி வேர்ல்டு இருக்கும் ஆர்லாண்டோ நகருக்கு வடமேற்கே சுமார் 25 கி.மீ. தூரத்தில் உள்ளது அபாப்கா ஏரி. பரப்பு 30 ஆயிரம் ஏக்கருக்கும் மேல். நம்ம செம்பரம்பாக்கம் ஏரியைப் போல சுமார் 5 மடங்கு.

ஒரு காலத்தில் இந்த ஏரியில் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கும். தூண்டில் போட நாடெங்கும் இருந்து ஆட்கள் வருவார்கள். ஏரியைச் சுற்றி மீன்பிடிப்பவர்கள் தங்கும் விடுதிகள் வரிசையாக இருந்தன.

1941-ம் ஆண்டு உலகப்போர் நேரம். உணவு உற்பத்தியைப் பெருக்க வேண்டும் என்று ஏரியின் வடகரையில் கரை கட்டினார்கள். அந்தப் பக்கம் இருந்த சுமார் 20 ஆயிரம் ஏக்கர் சதுப்பு நிலத்தில் தண்ணீரை மோட்டார் போட்டு இறைத்து வயலாக்கினார்கள்.

இலை தழை அழுகி ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகச் சேர்ந்த கறுப்பு மண். போட்டது பொன்னாக விளைந்தது. கேரட், மக்காச்சோளம், முட்டைக்கோஸ், கீரை என்று வருஷத்துக்கு இரண்டு மூன்று போகம். அங்குள்ள ஜெல்வுட் பகுதியின் இனிப்புச் சோளத்துக்குத் தனி கிராக்கியே உண்டு.

விளைச்சல் கூடக்கூட பூச்சியும் கூடியது. மருந்தும் கூடியது. டி.டி.டி., டாக்சாபீன், டைல்டிரின் என்று அந்தக் காலத்தில் கடைக்கு வந்த எல்லா மருந்தும் அந்த மண்ணில் இறங்கின. வயலில் இருந்து இறைத்த உரத்தண்ணீர் ஏரிக்குள் போனது. 1947-ல் ஏரியில் பாசி பொங்கியது. அதன் பிறகு தண்ணீர் பச்சைப் பட்டாணி சூப் மாதிரி ஆகிவிட்டது. மீன்பிடி விடுதிகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன.

வயலை மறுபடி ஏரியாக்கினார்கள்

ஏரியைக் காப்பாற்ற ஒரே வழி வயல்களை நிறுத்துவதுதான் என்று புளோரிடா அரசு முடிவு செய்தது. இதற்காக 1996-ல் தனிச்சட்டம் வந்தது. சுமார் 10 கோடி டாலர் செலவில் பண்ணைகள் விலைக்கு வாங்கப்பட்டன. 1998-ம் ஆண்டுடன் அறுவடை முடிந்தது. நிலம் அந்தப் பகுதியின் நீர் மேலாண்மை வாரியத்தின் கைக்கு வந்தது.

நோக்கம் நல்ல நோக்கம். வயலில் தண்ணீர் விட்டுப் பழையபடி சதுப்பு நிலமாக்க வேண்டும். பறவைகள் வரும், மக்களும் வந்து பார்ப்பார்கள், ஏரியும் தெளியும் என்று கணக்குப் போட்டார்கள்.

1998-ல் வயல்களில் தண்ணீர் நிரப்பப்பட்டது. கணக்கு பலித்தது போலவே இருந்தது. ஆயிரக்கணக்கில் பறவைகள் வந்து இறங்கின. அந்த ஆண்டு டிசம்பரில் நடந்த கிறிஸ்துமஸ் பறவைக் கணக்கெடுப்பில், ஒரே நாளில் 174 வகைப் பறவைகள் எண்ணப்பட்டன. கடலோரம் இல்லாத ஒரு இடத்துக்கு அது பெரிய எண்ணிக்கை. பறவை ஆர்வலர்கள் கொண்டாடினார்கள்.

அந்தக் கொண்டாட்டம் நீடிக்கவில்லை.

செத்து விழுந்த கூழைக்கடாக்கள்

அதே குளிர்காலத்தில் பறவைகள் சாகத் தொடங்கின. சில பறக்க முடியாமல் தள்ளாடின. சிலவற்றுக்கு வலிப்பு வந்தது. சில மாதங்களில் அந்த வயல்களில் மட்டும் 676 பறவைகளின் உடல்கள் எடுக்கப்பட்டன. அதில் 441 வெள்ளைக் கூழைக்கடாக்கள். வேடந்தாங்கல்ல நாம பார்க்கிற கூழைக்கடாவுக்குச் சொந்தக்கார இனம். குளிர் தாங்காமல் வடக்கே இருந்து வலசை வந்தவை. நாரைகள், கொக்குகளும் செத்தன. அழிவு அபாயப் பட்டியலில் அப்போது இருந்த மர நாரைகளும் இதில் அடக்கம்.

அமெரிக்க மத்திய அரசு விசாரணையில் இறங்கியது. செத்த பறவைகளின் உடம்பில் டாக்சாபீன், டைல்டிரின், டி.டி.டி. சிதைந்து உருவாகும் டி.டி.இ. ஆகிய நச்சுகள் இருந்தது தெரிய வந்தது. டி.டி.டி.யை விவசாயத்துக்குப் பயன்படுத்த அமெரிக்கா தடை போட்டது 1972-ல். தடை போட்டு 26 ஆண்டுகள் கழித்து அந்த விஷம் வேலையைக் காட்டியிருக்கிறது!

இதையடுத்து 1999-ம் ஆண்டு தொடக்கத்தில் வயல்களில் இருந்து தண்ணீர் அவசர அவசரமாக இறைத்து வெளியேற்றப்பட்டது.

மண்ணைப் பரிசோதித்தும் ஏன் ஏமாந்தார்கள்?

இங்கேதான் முக்கியமான விஷயம் இருக்கிறது. "சோதனையே பண்ணாம விட்டிருப்பாங்க" என்று நினைத்தால் தப்பு. நிலத்தை வாங்கும் முன்பே மண்ணைச் சோதித்தார்கள். ஆபத்து எவ்வளவு என்று கணக்கும் போட்டார்கள். நச்சு அதிகம் இருந்த சில இடங்களில் மண்ணை அள்ளி அப்புறப்படுத்தவும் செய்தார்கள்.

அதுமட்டுமல்ல. அந்தப் பகுதி விவசாயிகள் கோடைக்காலத்தில் வயலில் தண்ணீர் கட்டி வைப்பது வழக்கம். மண்ணில் இருக்கும் புழுவும் களையும் சாவதற்காக அப்படிச் செய்வார்கள். அப்போதும் பறவைகள் வரும். 1998-ல் நடந்தது போன்ற கூண்டோடு சாவை யாரும் பார்த்ததில்லை.

அப்புறம் எப்படி இந்தத் தடவை மட்டும்?

மண் அதே மண்தான். உபயோகம்தான் மாறியது.

இந்தப் பழைய மருந்துகளுக்கு ஒரு குணம் உண்டு. தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. கொழுப்பில் போய் ஒட்டிக்கொள்ளும். வயலாக இருந்தவரை விஷம் கறுப்பு மண்ணோடு ஒட்டிக் கிடந்தது. கோடையில் சில வாரம் தண்ணீர் நின்றபோது, மேலோட்டமாகப் புழு பூச்சி பொறுக்கும் சின்னப் பறவைகள் வந்து போயின.

1998-ல் தண்ணீர் மாதக்கணக்கில் நின்றது. வாய்க்காலில் இருந்த மீன்கள் வயலெங்கும் பரவின. மண்ணில் இருந்த விஷம் புழு பூச்சிக்குப் போனது. அதைத் தின்ற சின்ன மீனில் கூடியது. அதைத் தின்ற பெரிய மீனின் கொழுப்பில் இன்னும் கூடியது. வயிறு முட்ட மீன் தின்னும் கூழைக்கடாவின் உடம்பில் மொத்தமும் போய்ச் சேர்ந்தது. மண்ணில் இருந்து மீனுக்கு இவ்வளவு ஏறும் என்று நிபுணர்கள் போட்ட கணக்கில் வரவே இல்லை.

சோளம் போட உதவிய மண், மீன் வளர்த்தபோது கொன்றுவிட்டது. ஆக, "இந்த மண்ணு நல்ல மண்ணா?" என்று கேட்டால் மட்டும் போதாது. "இனிமே இங்கே என்ன பண்ணப் போறோம், அதுக்கு இந்த மண்ணு சரிப்படுமா?" என்று கேட்கணும்.

மண்ணையே புரட்டிப் போட்டார்கள்

20 ஆயிரம் ஏக்கர் மண்ணை லாரியில் அள்ளிப் போவது நடக்கிற காரியமா? அள்ளினாலும் எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது?

பல ஆண்டுகள் ஆராய்ச்சி செய்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். விஷம் பெரும்பாலும் மேல்மண்ணில்தான் இருக்கிறது. அடியில் இருக்கும் மண் சுத்தம். அப்படியானால் மேல்மண்ணைக் கீழேயும், கீழ்மண்ணை மேலேயும் மாற்றிப் போட்டால்?

இதற்கென்றே ராட்சத ஏர்க்கலப்பையைத் தயார் செய்து, சுமார் 3 அடி ஆழத்துக்கு மண்ணைப் புரட்டினார்கள். நச்சு அதிகமாக இருந்த சுமார் 4 ஆயிரம் ஏக்கரில் இந்த வேலை நடந்து 2009-ல் முடிந்தது. விஷம் மாயமாகி விடவில்லை. ஆனால் புழுவும் மீனும் புழங்கும் மேல்தட்டில் அதன் அளவு பாதிக்குக் கீழே போனது.

அதற்குப் பிறகும் அவசரப்படவில்லை. ஒரேயடியாகத் தண்ணீர் விடாமல் துண்டு துண்டாக விட்டார்கள். மீனைப் பிடித்து அதன் உடம்பில் எவ்வளவு விஷம் இருக்கிறது என்று பார்த்தார்கள். பறவைகளைக் கண்காணித்தார்கள். சரியாக இருந்தால்தான் அடுத்த துண்டு.

இன்று பொதுமக்கள் போகும் இடம்

2015-ம் ஆண்டு அந்தப் பழைய வயல்களின் வழியாக 'அபாப்கா ஏரி வனவிலங்குப் பாதை' திறக்கப்பட்டது. சுமார் 18 கி.மீ. நீளமுள்ள ஒருவழிப் பாதை. கட்டணம் கிடையாது. வார இறுதியில் குடும்பத்தோடு காரில் வருகிறார்கள். பழைய பண்ணைக் கரைகளின் மேல் மெதுவாக ஓட்டிக்கொண்டே முதலையையும் நாரையையும் பார்க்கிறார்கள். ஏரித் தண்ணீரும் முன்பை விடத் தெளிந்திருக்கிறது. தண்ணீருக்கு அடியில் செடிகள் மறுபடி முளைத்திருக்கின்றன.

விஷம் இருந்த நிலத்தைப் பொதுமக்களுக்குத் திறக்கவே முடியாது என்று சொல்ல முடியாது என்பதற்கு இது சாட்சி. ஆனால் 1998-ல் கடைசி அறுவடை, 2015-ல் பாதை திறப்பு. இடையில் 17 ஆண்டுகள் ஓடிவிட்டன என்பது குறிப்பிடத்தக்கது.

பறவைக்குக் கேட்டார்கள், கூலிக்காரர்களுக்கு?

இந்தக் கதையில் இன்னொரு பக்கமும் இருக்கிறது.

பண்ணைகளை மூடியபோது சுமார் 2,500 விவசாயக் கூலித் தொழிலாளர்கள் வேலை இழந்தனர். கறுப்பின மக்கள், ஹெய்ட்டி, மெக்சிகோ நாடுகளில் இருந்து பிழைக்க வந்தவர்கள்தான் அதிகம். பண்ணை முதலாளிகளுக்கு நிலத்துக்கான பணம் கிடைத்தது. களை எடுத்து, அறுத்துக் கட்டி, மூட்டை தூக்கியவர்களுக்கு அப்படி ஒன்றும் கிடைக்கவில்லை.

பறவைகள் செத்ததும் மத்திய அரசு வந்தது, விஞ்ஞானிகள் வந்தார்கள், கோடிக்கணக்கில் பணம் வந்தது. "அந்த வயல்ல வருஷக்கணக்கா நின்னு வேலை பார்த்த எங்க உடம்பை யார் சோதிச்சாங்க?" என்பது தொழிலாளர்களின் கேள்வி. வயலில் நிற்கும்போதே தலைக்கு மேல் விமானத்தில் மருந்து தெளித்ததாகப் பலர் கூறியிருக்கிறார்கள். சிறுநீரகக் கோளாறு, மூட்டுவலி, தோல் நோய், லூபஸ் எனப்படும் நோய் எதிர்ப்புச் சக்திக் கோளாறு என்று தங்களில் பலருக்கு இருப்பதாகவும் சொல்கிறார்கள்.

பெண்கள் ஒன்று சேர்ந்து ஒட்டுத்துணிப் போர்வை தைத்தார்கள். ஒவ்வொரு துண்டுத் துணியும் அந்த வயலில் உழைத்து மறைந்த ஒரு தொழிலாளியின் நினைவு. அந்தப் போர்வைகளை ஊர் ஊராகக் கொண்டுபோய்க் காட்டி, தங்களுக்கும் மருத்துவ வசதி வேண்டும் என்று கேட்டார்கள்.

நிலத்தைச் சுத்தம் பண்ணும் திட்டத்தில் அந்த நிலத்தில் உழைத்தவர்களுக்கு இடமில்லை என்றால், அது பாதி வேலைதான்.

பள்ளிக்கூட மைதானத்தில் பாஷாணம்

"அது சதுப்பு நிலம், தண்ணி விட்டாங்க, பறவை செத்துச்சு. காய்ஞ்ச மைதானத்துக்கு என்ன?" என்று கேட்கலாம். அதற்கும் ஓர் உதாரணம் உண்டு.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாகாணம் ஆப்பிளுக்குப் பேர் போனது. 1890-களில் தொடங்கி சுமார் 50 ஆண்டுகள் ஆப்பிள் புழுவுக்கு ஈய ஆர்சனேட் என்ற மருந்தை அடித்தார்கள். ஆர்சனிக் என்றால் நம்ம ஊர்ப் பாஷாணம். அதோடு ஈயமும் சேர்ந்தது. டி.டி.டி. வந்த பிறகுதான் அதை விட்டார்கள்.

ஊர் வளர வளர பழத்தோட்டங்கள் வீடாகவும் பள்ளிக்கூடமாகவும் பூங்காவாகவும் மாறின. ஆனால் ஈயமும் ஆர்சனிக்கும் தாதுப் பொருட்கள். சிதைந்து போகவே போகாது. யாக்கிமா, வெனாச்சி பகுதிப் பள்ளி மைதானங்களில் சோதித்தபோது மேல்மண்ணில் இரண்டும் அப்படியே இருந்தன.

சின்னப் பிள்ளைகள் மண்ணில் விளையாடிய கையை வாயில் வைக்கும். புழுதி மூக்கில் போகும். செருப்போடு மண் வீட்டுக்குள் வரும். ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆர்சனிக் புற்றுநோய் உண்டாக்கும்.

அரசு செலவில் மைதானங்கள் சீரமைக்கப்பட்டன. சில இடங்களில் ஆழமாகக் கிளறிக் கலந்தார்கள். சில இடங்களில் கெட்டித் துணி விரித்து, அதன்மேல் சுத்தமான மண் கொட்டிப் புல் வளர்த்தார்கள். பிறகு யாராவது பள்ளம் தோண்டும்போது துணி தட்டுப்பட்டால், "இதுக்குக் கீழே தோண்டாதே" என்று அர்த்தம்.

நம்ம ஊரு மண்ணு எப்படி?

பயமுறுத்த வேண்டியதில்லை. மறைக்கவும் வேண்டியதில்லை.

இந்தியாவில் டி.டி.டி.யை விவசாயத்துக்குப் பயன்படுத்துவது 1989-ல் நிறுத்தப்பட்டது. கொசு ஒழிப்புக்கு மட்டும் அனுமதி இருந்தது. ஊர்ல பெரியவங்க 'பி.எச்.சி. பவுடர்'னு சொல்ற மருந்து 1997-ல் தடை செய்யப்பட்டது. எண்டோசல்பானுக்கு 2011-ல் உச்சநீதிமன்றம் தடை விதித்தது. பக்கத்துக் கேரளாவின் காசர்கோடு மாவட்டத்தில், முந்திரித் தோட்டங்களில் 2000-ம் ஆண்டு வரை ஹெலிகாப்டரில் எண்டோசல்பான் தெளித்ததும், அங்குள்ள குடும்பங்கள் பட்ட பாடும் நாடறிந்தவை.

நம்ம ஊர் வெயிலில் டி.டி.டி. போன்றவை குளிர் நாடுகளை விட வேகமாகக் குறையும் என்பது ஆறுதல். இப்போது அடிக்கும் பெரும்பாலான மருந்துகள் சில வாரங்களில் அல்லது சில மாதங்களில் சிதைந்துவிடும். எனவே எல்லாப் பழைய வயலும் ஆபத்து என்று அர்த்தமில்லை.

ஆனால் வயல் முழுக்க மருந்து ஒரே அளவில் இருக்காது. மருந்து கலக்கிய இடம், டப்பா கழுவிய கிணற்றடி, பம்புசெட் ரூம், மூட்டை அடுக்கிய கொட்டகை, மீந்த மருந்தைக் கொட்டிப் புதைத்த மூலை ஆகிய இடங்களில்தான் விஷம் குவிந்து கிடக்கும். பத்து ஏக்கரும் சுத்தமாக இருந்து ஒரு சென்ட் மட்டும் மோசமாக இருக்கலாம். அந்த ஒரு சென்ட் மேல் சறுக்கு மரமும் ஊஞ்சலும் வந்துவிடக் கூடாது.

இன்னொரு விஷயம். வேளாண்மைத் துறையில் மண்ணைக் கொடுத்து வாங்கும் மண்வள அட்டையில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து, நுண்ணூட்டம், உப்பு, கார அமிலத் தன்மைதான் இருக்கும். பூச்சி மருந்து எச்சம் அதில் வராது. "மண்ணு டெஸ்ட் பண்ணியாச்சு"னு யாராவது சொன்னால், எந்த டெஸ்ட் என்று கேளுங்கள். மருந்து எச்சம் பார்க்கத் தனி லேப் வசதி வேண்டும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தில் அதற்கான ஆய்வகம் இருக்கிறது.

என்ன செய்யலாம்?

பழைய விவசாய நிலத்தைப் பூங்காவாகவோ மைதானமாகவோ ஆக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை:

1. வரலாறு கேளுங்கள். என்ன பயிர் போட்டார்கள், எத்தனை வருஷம், எங்கே மருந்து கலக்கினார்கள் என்று விசாரியுங்கள். பருத்தி, மிளகாய், கத்தரி, பழத்தோட்டம் என்றால் மருந்து கூடுதலாக இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு.

2. மேல்மண்ணைச் சோதியுங்கள். பிள்ளைகளின் கை படுவது மேல் அரை அடி மண்ணில்தான். ஒரே இடத்தில் எடுத்த மண் போதாது. சந்தேகப்படும் மூலைகளில் தனியாகவும், மற்ற இடங்களில் பரவலாகவும் எடுக்க வேண்டும்.

3. உபயோகத்தைப் பார்த்து இடம் ஒதுக்குங்கள். நடைபாதை, மரம், கார் நிறுத்தும் இடத்துக்குக் கொஞ்சம் சுமாரான மண் போதும். மணல் தொட்டியும் ஊஞ்சலும் சுத்தமான மண்ணில்தான் வர வேண்டும். குளம் வெட்டி மீன் விடுவதாக இருந்தால் ரொம்ப ஜாக்கிரதை. அபாப்கா சொன்ன பாடம் அதுதான்.

4. மூடுங்கள். நச்சு கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் நல்ல மண் கொட்டிப் புல் வளர்ப்பது எளிய வழி. கட்டாந்தரையாக விட்டால்தான் புழுதி கிளம்பும். புல் தேய்ந்த இடத்தில் மறுபடி மண் போட்டுப் பராமரிக்க வேண்டும்.

5. குவிந்து கிடக்கும் இடத்தை அள்ளுங்கள். பழைய மருந்து டப்பாக்கள், கட்டி தட்டிய பவுடர், நாற்றம் வரும் மண் கிடைத்தால் கையால் தொடாதீர்கள், எரிக்காதீர்கள், வேறு குழியில் தள்ளாதீர்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியத்துக்குத் தகவல் சொல்லுங்கள். அபாயக் கழிவுகளைப் புதைக்கக் கும்மிடிப்பூண்டியில் தனி வசதி இருக்கிறது.

6. காய்கறி போடும் முன் யோசியுங்கள். பூங்கா ஓரத்தில் பூசணிக் கொடி விடுவது நம்ம வழக்கம். ஆனால் மண்ணில் கிடக்கும் பழைய டி.டி.இ.யை உறிஞ்சி எடுப்பதில் பூசணி இனம் கில்லாடி என்று ஆய்வுகள் கண்டிருக்கின்றன. சோதனை முடியும் வரை வேண்டாம்.

7. எழுதி வையுங்கள். எங்கே நச்சு இருந்தது, எங்கே மூடினோம் என்ற விவரம் ஊராட்சியிலோ நகராட்சியிலோ இருக்க வேண்டும். பத்து வருஷம் கழித்து போர் போட வருகிறவனுக்கு அது தெரியணும்.

சோதனை முடியாத இடத்தில் பிள்ளைகள் ஏற்கனவே விளையாடிக் கொண்டிருந்தால், வீட்டுக்கு வந்ததும் கை காலைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லுங்கள். செருப்பை வாசலிலேயே விடச் சொல்லுங்கள். செலவில்லாத பாதுகாப்பு.

யாரைக் கேட்பது?

மனை வாங்குகிறவர்கள் பட்டா பார்க்கிறோம், வில்லங்கம் பார்க்கிறோம், தண்ணீர் உப்பா நல்ல தண்ணியா என்று பார்க்கிறோம். பூங்காவுக்கு விட்ட மண்ணைப் பற்றி மட்டும் ஒரு கேள்வி கேட்பதில்லை. கிராம சபையில் ஒருவர் எழுந்து, "பிள்ளைங்க விளையாடப் போற இடம், மருந்து எச்சம் பார்த்தாச்சா?" என்று கேட்டால் அது பதிவாகும்.

அதைவிடச் சுலபமான வழியும் ஒன்று இருக்கிறது. அந்தக் காட்டில் கூலிக்குப் போன பாட்டியும், முதுகில் தெளிப்பான் கட்டி மருந்து அடித்த பெரியவரும் இன்னும் ஊரில்தான் இருப்பார்கள். எந்த வருஷம் என்ன பவுடர் போட்டார்கள், எந்தக் கிணற்றடியில் டப்பா கழுவினார்கள், எந்த மூலையில் புதைத்தார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். மண் எடுக்கப் போகும்போது அவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள். அப்படியே அவர்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நாம் அதை 'மருந்து' என்றே சொல்லிப் பழகிவிட்டோம். பயிருக்கு மருந்து அடிச்சோம் என்கிறோம். பேரை மாற்றிச் சொன்னாலும் மண்ணுக்குள் போன பிறகு அது விஷம்தான்.